காலி இருக்கையை எண்ணினால் அது ஆய்வா?

போன மாதம் ஆரணியில் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். நான் படித்த கல்லூரி அனுப்பியது. பெயர் வேண்டாம், எந்தக் கல்லூரியும் இதைத்தான் அனுப்புகிறது. ‘முன்னாள் மாணவர் கருத்துப் படிவம்’. பாடத்திட்டம் வேலைக்குப் பொருத்தமாக இருந்ததா, நூலகம் போதுமானதாக இருந்ததா, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் போடவும். பத்துக் கேள்வி, மூன்று நிமிஷ வேலை.

தறியை விட்டு எழுந்து வந்த பெரியப்பா, “இன்னா தம்பி அது?” என்றார். சொன்னேன்.

“நீ மார்க்கு போட்டா பாடத்த மாத்திடுவாங்களா?”

“மாத்த மாட்டாங்க பெரியப்பா.”

“அப்பறம் எதுக்குக் கேக்கறாங்க?”

சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி பஸ்ஸிலும் கூடவே வந்தது. வந்து பழைய ஆவணங்களை எடுத்துப் பார்த்தேன். எதற்குக் கேட்கிறார்கள் என்பதற்கான பதில் ஒளிவுமறைவு இல்லாமல் அச்சிலேயே இருக்கிறது.

நாக் என்ற தர மதிப்பீட்டு அமைப்பு 2017இல் தன் முறையை மாற்றியபோது, கருத்துக் கேட்பதை ஐந்து படிகளாகப் பிரித்தது. கருத்தே வாங்கவில்லை என்பது அடிப்படி. வாங்கினோம், அலசினோம், நடவடிக்கை எடுத்தோம், இணையதளத்திலும் போட்டுவிட்டோம் என்பது மேல்படி. கல்லூரிக்குப் புள்ளி கிடைப்பது எந்தப் படியில் நிற்கிறது என்பதற்காக. மாணவர் என்ன சொன்னார், அதனால் எந்தப் பாடம் மாறியது என்பது அந்தப் புள்ளிக் கணக்கில் இல்லை. ஆக, என் மூன்று நிமிஷம் ஒரு கோப்புக்குப் போகிறது. பாடத்திட்டக் குழுவுக்குப் போவதாகத் தெரியவில்லை.

சரி, அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள்? தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு யுஜிசி வகுத்த அமைப்பு இது: துறைத்தலைவர், துறை ஆசிரியர்கள், வெளியிலிருந்து பாட வல்லுநர்கள், துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர், தொழில்துறையிலிருந்து ஒருவர், நன்றாகப் படித்த பழைய முதுகலை மாணவர் ஒருவர். இதில் தொழில்துறைப் பிரதிநிதிக்கு விதியே ஒரு வேலை சொல்கிறது, அது வேலைவாய்ப்பு. அப்படியானால் அழைப்பு யாருக்குப் போகும்? சென்னையிலோ ஒரகடத்திலோ இருக்கும் கம்பெனி மனிதவள அதிகாரிக்குத்தான். ஆரணியில் ஜரிகை விலையையும் கூலியையும் வட்டியையும் மனக்கணக்கில் போடும் ஒரு பட்டு முதலாளியைக் கூப்பிடலாமே என்று யாருக்கும் தோன்றாது. அவரிடம் ‘பிளேஸ்மென்ட்’ கிடையாதே!

இதெல்லாம் சின்ன விஷயம் என்று விட்டுவிடலாம். படிப்பையே மூடும்போதுதான் இந்த ஆய்வு எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்பது தெரியவரும்.

2010இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2023 மே மாதம், 11 உறுப்புக் கல்லூரிகளில் இந்தத் தமிழ்வழிப் படிப்புகளை நிறுத்தப்போவதாகச் செய்தி வந்தது. சொன்ன காரணம் ஒன்றே: சேர்க்கை குறைவு. எதிர்ப்பு கிளம்பியதும் சீக்கிரமே முடிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆரணிக்குப் பக்கத்தில் தச்சூரில் இருக்கும் பொறியியல் கல்லூரியும் ஓர் உறுப்புக் கல்லூரிதான். அதனால் இந்தச் செய்தியை எங்கள் ஊர்ச் செய்தியாகவே படித்தேன்.

அன்றைக்குப் பலரும் இதை மொழிப் பிரச்சினையாகப் பேசினார்கள். மொழிப் பிரச்சினைதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு உறுத்தியது வேறு. மூடுவதற்கும் காரணம் சேர்க்கை எண்ணிக்கை. மூடாமல் விட்டதற்குக் காரணம் எதிர்ப்பு. இரண்டுக்கும் நடுவில் அந்தப் படிப்பைப் பற்றிய ஆய்வு எங்கே? அங்கே சேர்ந்தவர்கள் எத்தனை பேர் முடித்தார்கள்? எங்கே வேலைக்குப் போனார்கள்? மூன்றாவது பருவத்தில் எந்தப் புத்தகத்தை வைத்துப் படித்தார்கள்? நேர்காணலில் ஆங்கிலத்தில் கேட்டபோது என்ன செய்தார்கள்? பன்னிரண்டாம் வகுப்பைத் தமிழில் முடித்த பிள்ளை ஏன் இந்த இடத்தை வேண்டாம் என்று தாண்டிப் போகிறது? ஒரு படிப்பு மோசமாக இருந்தாலும் இருக்கை காலியாகும். நல்ல படிப்பைப் பாதியில் கைவிட்டாலும் காலியாகும். எண்ணிக்கை மட்டும் கையில் இருந்தால் இது அதுவா இதுவா என்று சொல்லவே முடியாது.

தறியில் புடவையில் ஒரு பூ கோணிக்கொண்டால் பெரியப்பா தறியை விற்றுவிட மாட்டார். முதலில் ஜக்கார்டு அட்டையைப் பார்ப்பார், ஓட்டை சரியா என்று. அப்புறம் கொக்கி. அப்புறம் பாவு இழை. எங்கே பிசகு என்று தெரிந்த பிறகுதான் கை வைப்பார்.

அந்த ஜக்கார்டு அட்டை சாதாரணப் பொருள் இல்லை. 1804இல் பிரான்ஸில் ஜாக்கார் செய்த பொறி இது. ஓட்டை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாலரித் பயன்படுத்திய துளையட்டையும் இதே யோசனைதான், கம்ப்யூட்டருக்கு அட்டைகள் போய்ச் சேர்ந்ததும் இந்த வழியில்தான். ஆரணித் தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீடு இது தலைக்குமேல் தொங்கிய ஊரில், கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் வகுப்பை இங்கிருந்து தொடங்கலாம். வேதியியலுக்கும் பஞ்சமில்லை. பட்டு நூலைச் சோப்புநீரில் வேகவைத்துச் செரிசின் என்ற பசையை எடுக்கிறார்கள், எடையில் கிட்டத்தட்டக் கால் பங்கு போய்விடும். அந்தத் தண்ணீரும் சாயத் தண்ணீரும் எங்கே போகின்றன என்பது சிவில் மாணவருக்கு நான்கு வருஷத்துக்குப் போதுமான கேள்வி. ஊரின் இன்னொரு பெயர்பெற்ற சரக்கு அரிசி. நெல்லை அவிக்கும் பாய்லரையும் உலர்த்தியையும் வைத்து வெப்பவியலையே நடத்தலாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். “நெசவு ஊரில் நெசவு சம்பந்தமாகச் சொல்லிக்கொடு” என்று நான் சொன்னால் உங்களுக்கு 1953 ஞாபகம் வர வேண்டும், எனக்கும் வருகிறது. ராஜாஜி பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார். குலக்கல்வி என்று பெயர் வாங்கி, 1954இல் காமராஜர் ஆட்சியில் அது போயிற்று. போனது நல்லது. பெரியப்பாவே தன் மகளைத் தறிப்பக்கம் அண்டவிடவில்லை. “குழியில கால விட்டு ஒக்காந்தது என்னோட போவட்டும்”னு அவர் சொல்லும்போது எதிர்ப்பேச்சுப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

நான் கேட்பது பிள்ளையைக் குழிக்குத் திருப்பி அனுப்புவதை அல்ல. தறியை முடித்த பிறகு படிக்க வந்தவன் அறிந்து வந்ததைத் துறை அறிவாக எடுத்துக்கொள்கிறதா என்பதைத்தான். நெசவுத் தொழில்நுட்பத்துக்கென்று சேலத்தில் 1960இலிருந்து ஒரு கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, அந்த வேலை அவர்களுடையது. நான் பேசுவது சாதாரண இயற்பியல், வேதியியல், பொறியியல் வகுப்பைப் பற்றி.

என்னோடு படித்தவன் ஒருவன் மூன்றாம் பருவத்தோடு நின்றுவிட்டான். கோர்வைக் கரை போடுவதில் ஊரில் பேர் சொல்லும் வீடு அவனுடையது. எத்தனை இழைக்கு எத்தனை கொக்கி என்று பென்சில் இல்லாமல் சொல்வான். கணிதத்தில் இரண்டு முறை போயிற்று. யாரும் கூப்பிட்டு என்ன ஏது என்று கேட்கவில்லை, நான் உட்பட. அவனுக்கு இந்தக் கருத்துப் படிவம் வராது. பட்டம் வாங்காதவன் முன்னாள் மாணவர் பட்டியலில் இல்லை. எந்தப் படிப்பு எங்கே அறுந்தது என்று சொல்லக்கூடிய ஒரே ஆளைத் தவிர்த்துவிட்டுத்தான் ஆய்வு நடக்கிறது.

படிவத்தின் கடைசியில் ‘வேறு ஆலோசனைகள்’ என்று ஒரு சிறிய பெட்டி இருந்தது. பாதியில் நின்றவர்களுக்கும் இதை அனுப்புங்கள், முகவரி வேண்டுமானால் ஒருவனுடையதைக் கேட்டு வாங்கித் தருகிறேன் என்று எழுதினேன். பொத்தானை அழுத்தியதும் நன்றி சொல்லி, சான்றிதழைப் பதிவிறக்கிக்கொள்ளச் சொன்னது.