தரை செய்யும் வேலை

குருக்கள்மடம் ஒடுங்கிய நிலம். கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி, நடுவே கல்முனைக்குப் போகும் ஏ4 வீதி. வீதியை விட்டுக் கடற்பக்கம் இறங்கினால் மணல். வாவியைக் கடந்து அம்பிளாந்துறைக்குப் போனாலும் சரி, பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போனாலும் சரி, படுவான்கரை வயல்வட்டைகள் வந்துவிடும். மாரியில் அங்கே கிறவல் வீதி முடிகிற இடத்தில் சுரி தொடங்கும். தார், மணல், சுரி மூன்றிலும் ஒரே நாளில் ஓடவேண்டிய வாகனத்துக்கு எந்தப் பொறி பொருந்தும் என்று கேட்டால், பழைய சீரிஸ் லாண்ட் ரோவரின் ஃபோர் வீல் அமைப்பைத்தான் சொல்வேன். அதன் வலுவுக்காக மட்டும் சொல்லவில்லை. அதில் ஓர் உறுப்பைத் தெரிந்தே விட்டுவிட்டு, அந்த உறுப்பின் வேலையைத் தரையிடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த அமைப்பில் என்னை மயக்குவது இந்த ஏற்பாடுதான்.

ஃபோர் வீல் போட்டால் எஞ்சினுக்குப் பலம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். எஞ்சின் தருவது அதே பலம்தான். பின்சக்கரம் இரண்டும் மட்டும் தரையைப் பிடித்துத் தள்ளிய நிலை மாறி, நான்கும் பிடித்துத் தள்ளுகின்றன. வீணே சுழன்று போகும் பலம் குறைகிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. வண்டி திரும்பும்போது உட்பக்கச் சக்கரத்தைவிட வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓடவேண்டும். அதற்காகவே முன் அச்சிலும் பின் அச்சிலும் ஒவ்வொரு டிஃபரன்ஷியல் இருக்கிறது. ஆனால் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் ஓடுகின்றன. அச்சுகளுக்கிடையே 88 அங்குல நீளமுள்ள குட்டை லாண்ட் ரோவரை முழுதாக ஒடித்து ஒரு முச்சந்தியில் திருப்பினால், முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அரை மீற்றருக்கு மேல் அதிகமாக ஓடியிருக்கும். இந்த வித்தியாசத்தைத் தீர்க்க இரண்டு அச்சுகளுக்கும் நடுவே மூன்றாவது டிஃபரன்ஷியல் வேண்டும். சீரிஸ் வண்டியில் அது இல்லை. மணலிலும் சுரியிலும் சக்கரங்கள் கொஞ்சம் வழுக்கி அந்த அரை மீற்றரைத் தாமே சரிக்கட்டிக்கொள்ளும். தாரில் வழுக்க இடமில்லை. ஸ்டியரிங் கனக்கும், டயர் தேயும், பல்சக்கரங்களும் ஷாஃப்டுகளும் முறுக்கேறி நிற்கும்.

இது செலவைக் குறைக்க விட்டுவைத்த குறை என்று சொல்பவர்கள் உண்டு. வண்டியின் வரலாறு அந்த வாதத்துக்கு முழுதாக இடம் கொடுக்கவில்லை. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதலில் வைக்கப்பட்ட லாண்ட் ரோவரில் நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் இழுவை இருந்தது. திருப்பத்தில் முன்சக்கரங்கள் முந்தி ஓட ஒரு ஃப்ரீவீல் விட்டுக்கொடுத்தது. ஆனால் அதைப் பூட்டாவிட்டால் இறக்கத்தில் எஞ்சினின் பிடி முன்சக்கரங்களுக்குக் கிடைக்காது. 1950-இல் அந்த ஃப்ரீவீலை எடுத்துவிட்டு, முன் அச்சைச் சேர்ப்பதா விடுவதா என்ற முடிவை ஓட்டுநரிடமே கொடுத்தார்கள். தார் எங்கே முடிகிறது, சுரி எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பார்ப்பவர் அவர்தானே.

அந்த முடிவுக்காக வைத்த இரண்டு லீவர்களைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்கலாம். மஞ்சள் தலை உள்ளதை அமுக்கினால் வழக்கமான ஓட்டத்துக்குரிய ஹை ரேஞ்சிலேயே முன் அச்சு சேரும், ஓடிக்கொண்டிருக்கும்போதே அமுக்கலாம். சிவப்புத் தலை உள்ளதை, வண்டியை நிறுத்திவிட்டு, பின்னுக்கு இழுத்தால், வேகம் குறைந்து முறுக்குப் பெருகும் லோ ரேஞ்ச் விழும். கூடவே முன் அச்சும் தானாகச் சேர்ந்துகொள்ளும். லோ ரேஞ்சில் பெருகும் முறுக்கு முழுவதும் பின் அச்சுக்கு மட்டும் போனால் பின் ஷாஃப்ட் முறியக்கூடும். அந்தத் தவறை ஓட்டுநர் செய்யவே முடியாதபடி இரண்டு லீவர்களையும் பிணைத்து வைத்திருக்கிறார்கள். சீரிஸ் 3 வண்டியில் ஹை ரேஞ்ச் முதல் கியரில் சக்கரம் ஒருமுறை சுற்ற எஞ்சின் ஏறத்தாழ 20 முறை சுற்றும். லோ ரேஞ்சில் 40 முறை. எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றில் நிதானமாக ஓட, வண்டி மனிதர் நடக்கிற வேகத்தில் போகும். சுரியில் வேண்டியது அந்த நிதானம். ஃபோர் வீலை எடுக்கச் சிவப்பு லீவரைப் பின்னுக்கு இழுத்துத் திரும்ப முன்னுக்குத் தள்ளவேண்டும். மஞ்சள் தலை எழும்பிவிடும். எழும்பாவிட்டால் முறுக்கு இன்னும் இறங்கவில்லை. வண்டியைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தால் பெரும்பாலும் விட்டுவிடும். எந்த விளக்கும் எரியாமல், எந்த ஒலியும் எழாமல், தரையில் என்ன நடந்தது என்பதை ஒரு லீவர் கைக்குச் சொல்லிவிடுகிறது.

வலுவான எதிர்வாதம் வேறொன்று. டிஃபரன்ஷியல் எளிதாகச் சுழலும் பக்கத்துக்கே விட்டுக்கொடுக்கும். ஆகவே முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் எதிர்மூலைச் சக்கரமும் பிடி இழந்தால், நான்கு சக்கர இழுவை என்ற பெயரோடு வண்டி நின்றுவிடும். இது உண்மை. வயல் வரம்பைச் சரிவாக ஏறினால் நடப்பது இதுதான்: இரண்டு எதிர்மூலைகளில் சக்கரம் பாரமிழந்து சுழலும். முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றாக வரம்பில் ஏறும்படி நேராகப் போனால் பாரம் நான்கிலும் பகிர்ந்து நிற்கும். ஓட்டுநரின் அறிவை இந்தப் பொறி எதிர்பார்க்கிறது, அறியாதவரைக் காப்பாற்றாது. சுழலும் சக்கரத்தைத் தானாகப் பிரேக் பிடித்து அடக்கும் இன்றைய மின்னணுக் கருவிகள் இந்த ஓர் இடத்தில் மேலானவை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் மூன்றாவது டிஃபரன்ஷியலோடு 1970-இல் வந்த ரேஞ்ச் ரோவரிலும் அதைப் பூட்ட ஓர் ஏற்பாடு இருந்தது. தாரில் அது தன் வேலையைச் செய்யும். சுரியில் அதைப் பூட்டினால், அந்த விலை உயர்ந்த வண்டியும் முன்னும் பின்னும் இறுகப் பிணைந்த பழைய லாண்ட் ரோவராகிவிடும்.

இவ்வளவு பழைய வண்டியைப் பராமரிப்பது இனி முடியாது என்பவர்களுக்கு டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீற்றர் உயரச் சந்தக்பூவுக்குக் கற்பாதையில் ஏறிய 1950-களின் லாண்ட் ரோவர்களே போதிய பதில். மலைக்கு அந்தச் சோதனை என்றால் வாவிக்கரைக்கு உப்பு. அலுமினியக் கலவையாலான உடலை உப்புக்காற்று எளிதில் தின்னாது. கீழேயுள்ள இரும்புச் சட்டத்தைத் தின்னும். ஆகவே பழைய லாண்ட் ரோவரை வாங்க நினைப்பவர் பளபளக்கும் கதவைப் பார்த்து மயங்காமல், முதலில் குனிந்து அந்தச் சட்டத்தைத் தட்டிப் பார்க்கவேண்டும். பிறகு தாரில் ஓட்டி, ஒருமுறை முழுதாக ஒடித்துத் திருப்பி, மஞ்சள் தலை மேலேதான் நிற்கிறதா, ஸ்டியரிங் இலகுவாக வருகிறதா என்று பார்க்கவேண்டும்.