பையா, குடுவையா?

2018 நவம்பர் 8 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் ஒரு விதியை ரத்து செய்தது. வேக்குவம் கிளீனர்களின் மேல் அப்போது ஒட்டப்பட்ட மின்சிக்கன லேபிளைப் பற்றிய விதி அது. வழக்குப் போட்டது டைசன் நிறுவனம். தூசி சேரும் பையோ குடுவையோ காலியாக இருக்கும்போதே லேபிளுக்கான சோதனை நடக்கிறது, வீட்டில் யாரும் எப்போதும் காலிப் பையோடு சுத்தம் செய்வதில்லை என்பது அதன் முறையீடு. நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. உண்மையான பயன்பாட்டுக்கு இயன்றவரை நெருக்கமாகச் சோதனை இருக்க வேண்டும், இது அப்படி இல்லை என்றது. 2019 ஜனவரியில் அந்த லேபிளே விலக்கிக்கொள்ளப்பட்டது.

நம் கடைகளிலும் நமக்குச் சொல்லப்படுவதெல்லாம் காலி இயந்திரத்தைப் பற்றித்தான். எத்தனை வாட், எவ்வளவு இழுவை, எத்தனை விதமான பிரஷ். வாங்கி மூன்று மாதம் கழித்து, ஃபில்டர் சாம்பல் நிறமாகி, ஹோஸில் ஹேர்பின்னும் நூலும் முடியும் சிக்கிக்கொண்ட பிறகு அது எப்படி உழைக்கும் என்பதைப் பெட்டியில் யாரும் அச்சிடுவதில்லை. ஒரு துப்புரவுக் கருவியின் தரத்தை, அதையே சுத்தமாக வைத்துக்கொள்வது எவ்வளவு எளிது, அந்த வேலையில் யார் மூக்கில் தூசி ஏறுகிறது என்பதை வைத்தே தீர்மானிக்க வேண்டும் என்பது என் கட்சி. துவைத்துப் பயன்படுத்தும் துணிப்பை, நிறைந்ததும் எறிந்துவிடும் ஒருமுறைப் பை, பையே இல்லாத குடுவை என்று இன்று விற்கும் மூன்றையும் அந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் இயந்திரத்தின் உள்ளே நடப்பது. மோட்டாரோடு சேர்ந்த விசிறி காற்றை இழுக்கிறது. காற்று சுமந்துவரும் குப்பையைப் பையோ குடுவையோ பிடித்துக்கொள்கிறது. தப்பி வரும் மெல்லிய தூசியை மோட்டாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் தடுக்கிறது. காற்று வெளியேறும் வழியில் இன்னொரு ஃபில்டர். சாதாரண வீட்டு இயந்திரங்களில் இந்தக் காற்றேதான் மோட்டாரையும் குளிர்விக்கிறது. ஆகவே அடைப்பு என்பது இழுவையை மட்டும் குறைப்பதில்லை, மோட்டாரையும் வேகவைக்கிறது.

அடைப்பு வந்ததும் சத்தம் மாறும். கனமாக இரைந்துகொண்டிருந்தது கீச்சென்று மேலேறும். இயந்திரம் நன்றாக வேகம் பிடித்துவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வேகம் கூடியது உண்மைதான். ஆனால் தள்ளுவதற்குக் காற்று இல்லாததால் விசிறியின் சுமை குறைந்து மோட்டார் வெறுமனே சுற்றுகிறது என்பதே அதன் பொருள். அந்த நேரத்தில் குளிர்விக்கக் காற்றும் இல்லை. பின்பக்கம் வரும் காற்று சுடத் தொடங்கும். நல்ல இயந்திரம் என்றால் சூடு எல்லை மீறியதும் தானே நின்று, ஆறிய பின் மறுபடி ஓடும். அப்படி நின்றதை மின்சாரக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. ஹோஸைக் கழற்றிவிட்டு இயந்திரத்தின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அங்கே இழுவை பலமாக இருந்து ஹோஸ் நுனியில் இல்லையென்றால் அடைப்பு ஹோஸில். கழற்றிய ஹோஸைத் தூக்கிப் பிடித்து ஒரு கோலிக்குண்டை உள்ளே உருட்டிவிட்டால் அது நிற்கும் இடத்தில் அடைப்பு இருக்கிறது. இயந்திரத்தின் வாயிலேயே இழுவை இல்லையென்றால் பையையோ ஃபில்டரையோ பார்க்க வேண்டும். மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இதற்கு ஐந்து நிமிடம் போதும். கைவைத்து இழுவை பார்க்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் பிளக்கைப் பிடுங்கிவைக்க வேண்டும்.

2017 செப்டம்பர் முதல் ஐரோப்பாவில் நடைமுறைக்கு வந்த இன்னொரு விதி, மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் உழைக்க வேண்டும், ஹோஸ் 40,000 முறை வளைந்தாலும் பயன்பட வேண்டும் என்கிறது. 500 மணி நேரம் கொஞ்சமாகத் தோன்றலாம். வாரம் அரை மணி நேரம் ஓட்டினால் அதைத் தொட 19 ஆண்டு ஆகும். அந்த விதி நம் ஊரைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஒரு மோட்டாரிடம் நியாயமாக எதை எதிர்பார்க்கலாம் என்பதற்கு அது ஒரு கணக்கு. மூன்றாம் வருடமே ‘ஆர்மேச்சர் போயிடுச்சு’ என்று ஒருவர் சொன்னால், மோட்டாரின் ஆயுள் அவ்வளவுதான் என்று தலையாட்டும் முன் ஃபில்டரின் நிலையைப் பார்க்க வேண்டும். மோட்டாரில் தேய்வதற்கென்றே வைத்த பாகம் கார்பன் பிரஷ். அது தேய்ந்தால் உள்ளே பொறி அதிகமாகும், ஓட்டம் விட்டுவிட்டு வரும். கொஞ்ச விலையில் மாற்றிக்கொள்ளலாம். சூட்டில் கருகிய காயில் அப்படிப்பட்டதல்ல.

இனி மூன்று பேரையும் ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வோம்.

துணிப்பை மிகப் பழையது. அமெரிக்காவின் ஒஹாயோவில் துப்புரவுப் பணியாளராக இருந்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர், 1908-ல் காப்புரிமை பெற்ற தம் இயந்திரத்தின் முதல் மாதிரியில் தூசி சேரத் தலையணை உறையைத்தான் கட்டினார். அவர் ஆஸ்துமாக்காரர். பெருக்கும்போது எழும் தூசி தாங்காமல்தான் இந்த இயந்திரத்தைச் செய்வதில் இறங்கினார். துணிப்பைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் ஒரே வாதம் செலவில்லை என்பது. அந்தச் செலவு வேறிடத்தில் கணக்காகிறது. பையை மொட்டை மாடிக்கு எடுத்துப்போய்த் தலைகீழாக உதறுகிறவர், வீடு முழுக்க ஒரு வாரம் சேர்ந்த தூசியை ஒரே நிமிடத்தில் முகத்தில் வாங்கிக்கொள்கிறார். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்ணோ வீட்டு வேலைக்கு வரும் அம்மாவோ. துவைத்தால் சரியாகிவிடும் என்பதும் அரை உண்மை. நம் வீட்டுத் தூசியில் கோலமாவும் விபூதியும் கலந்திருக்கும். அரிசிமாவு ஈரத்தில் பசையாகி, காய்ந்ததும் இழைகளுக்கு நடுவே இறுகிக்கொள்கிறது. அடைபடாத இடத்திலோ துணி மெல்லிய தூசியைத் தடுக்கப் போதாது, அது நேராக மோட்டார் ஃபில்டருக்கு வருகிறது. அடைப்பும் உண்டு, கசிவும் உண்டு. இதைத் தள்ளுபடி செய்வதில் எனக்குத் தயக்கமில்லை.

குடுவைக்கு வலுவான வரலாறு உண்டு. வழக்குப் போட்ட அந்த நிறுவனத்தின் நிறுவனர் ஜேம்ஸ் டைசன் 1970களின் கடைசியில் தம் வீட்டு இயந்திரம் இழுவை இழப்பதைக் கண்டு, பையின் நுண்துளைகளைத் தூசி மூடிவிடுவதே காரணம் என்று பிடித்தார். காற்றைச் சுழற்றி, குப்பையைச் சுவரோரம் வீசியெறிந்து பிரிக்கும் முறையை 5,127 மாதிரிகள் செய்து தேற்றினார். 1993-ல் அவருடைய டிசி01 பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. குப்பை கண்ணெதிரே தெரிகிறது, பை வாங்கும் செலவில்லை, குடுவை நிறைய நிறைய இழுவை குறைவதில்லை. மூன்றும் உண்மையான அனுகூலங்கள்.

ஆனால் டைசன் வழக்காடி வென்ற அளவுகோலை இந்த இயந்திரங்களுக்கும் வைத்தாக வேண்டும். சுழற்காற்று கனமான துகளைப் பிரிக்கும் அளவுக்கு மிக மெல்லியதைப் பிரிக்காது. அந்த மிச்சம் ஃபில்டரில்தான் போய்ப் படிகிறது. ஆகவே பை போனாலும் அடைபடும் இடம் போகவில்லை, ஃபில்டருக்கு இடம் மாறியிருக்கிறது. விலை குறைந்த குடுவை இயந்திரங்களில் சுழல் சரியாக உருவாகாததால் ஃபில்டர் இன்னும் விரைவில் அடைகிறது. அதைக் கழுவ வேண்டும், கழுவியதைக் காயவைக்க வேண்டும். ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள் என்று கையேடுகள் சொல்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மாதத்துச் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஒரு நாளில் எந்த ஸ்பாஞ்சும் காயாது. அரை ஈரத்தோடு மாட்டினால் முதல் நாள் வாடை, பிறகு பூஞ்சை, ஈரத்தில் தூசி பிடித்துச் சேறு. அவசரத்துக்கு வெயிலில் போட்டால் ஸ்பாஞ்ச் பொடிந்து, பிளாஸ்டிக் சட்டம் நெளிகிறது. நெளிந்த சட்டத்தின் ஓரமாகத் தூசி மோட்டாருக்கு வழி கண்டுபிடிக்கிறது. நிழலில் மின்விசிறியின் கீழ் வைப்பதே சரி. குடுவை இயந்திரம் வாங்குகிறவர் இரண்டாவது ஃபில்டர் செட்டையும் அன்றே வாங்கிவிட வேண்டும்.

குடுவையைக் கொட்டும்போது எழும் தூசியும் துணிப்பையை உதறும்போது எழுவதைவிட அதிகம் குறைந்ததல்ல. வெளியேறும் வழியில் ஹெப்பா ஃபில்டர் இருக்கிறது, 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கிறது என்று அந்த இயந்திரத்தைப் பணம் கொடுத்து வாங்கிவிட்டு, பிடித்ததையெல்லாம் குப்பைக்கூடை மேல் நின்று திறந்துவிட்டால் அந்த 99.97-க்கு என்ன மதிப்பு? கடலோர ஊர்களின் ஈரத்தில் மெத்தைகளில் செழிக்கும் நுண்ணுண்ணிகளின் கழிவுதான் பலருக்கு மூச்சிரைப்பைத் தூண்டுகிறது. அதை மெத்தையிலிருந்து எடுத்து மூக்கருகே கொட்டுவது சுத்தமாகாது.

ஒருமுறைப் பைக்கு எதிராக டைசன் எழுப்பிய குற்றச்சாட்டு அன்றைய காகிதப்பைக்குச் சரியாகப் பொருந்தியது. இன்று நல்ல இயந்திரங்களோடு வருவது பல அடுக்காக அமைந்த, நெய்யாத செயற்கை இழைப் பை. தூசி மேற்பரப்பில் மட்டும் படியாமல் இழைகளின் ஆழத்திலும் தங்குவதால் இழுவை மெதுவாகவே குறைகிறது. வாயை மூடும் தகடு உள்ள பையை அப்படியே உருவிக் குப்பையில் போடலாம், கையில் தூசி படாது. முக்கால் பங்கு நிறைந்ததும் மாற்றிவிட வேண்டும். சுவரில் துளை போட்ட சிமென்ட் தூளையோ வெள்ளையடித்தபின் உதிர்ந்த பொடியையோ இழுத்தால் கால் பங்கு நிறைவதற்குள்ளேயே அடைத்துக்கொள்ளும். அந்த வேலைக்கு வீட்டு இயந்திரம் எதுவுமே ஆகாது, ஈரத் துணிதான். ஒருமுறைப் பைக்கு எதிரான வாதங்கள் இரண்டு எனக்குக் கனமாகத் தெரிகின்றன. மக்காத குப்பை சேர்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், நான்கு வருடம் கழித்து அந்த அளவுப் பை கிடைக்காமல் போவது. அப்போது பையின் அடியைக் கத்தரித்து, கொட்டி, மடித்து, ஸ்டேப்ளர் அடித்துத் திரும்பப் போடுகிறார்கள். அந்தத் தையலின் வழியே எல்லாம் கசிகிறது.

இழுவையைத் தவிர வழக்கத்தையும் எடைபோட வேண்டும். நம் வீடுகளில் தரையைத் தினமும் துடைப்பம்தான் பார்த்துக்கொள்கிறது. இயந்திரம் மெத்தைக்கும் சோபாவுக்கும் ஒட்டடைக்கும் காருக்கும் வெளியே வருகிறது. பல வீடுகளில் போகிக்கும் தீபாவளிக்கும் மட்டும் லாஃப்டிலிருந்து இறங்குகிறது. இப்படிப்பட்ட இயந்திரம் ஓடி ஓடிக் கெடுவதில்லை, உள்ளே குப்பையோடு மூடிவைக்கப்பட்டுக் கெடுகிறது. பாதி நிறைந்த பையைத் தூக்கியெறிய யாருக்கும் மனம் வராது. மழைக்காலத்து ஈரத்தை அந்தத் தூசி குடித்து, வாடை பிடித்து, எறும்பும் கரப்பானும் குடியேறுகின்றன. இந்த இடத்தில் குடுவை வெல்கிறது. ஒவ்வொரு முறையும் கொட்டி, கழுவி, காலியாக எடுத்துவைக்கலாம். என் அளவுகோலின்படியே பார்த்தாலும் இது சின்ன வெற்றியல்ல.

வாடைக்குக் கைவைத்தியமாகச் சொல்லப்படுபவை பெரும்பாலும் தீங்கு. சமையல் சோடாவை இழுக்கவைப்பது மெல்லிய தூளை வலிய உள்ளே அனுப்பி ஃபில்டரை அடைக்கும் வேலை. கழுவலாம் என்று எழுதியிராத ஹெப்பா ஃபில்டரைக் கழுவினாலோ பிரஷ் போட்டுத் தேய்த்தாலோ இழைகள் கிழியும். பார்வைக்கு வெள்ளையாகும், தடுக்கும் சக்தி போய்விடும். உருளை பிரஷ்ஷில் சுற்றிய நீள முடியைப் பிடித்து இழுப்பதைவிட, உருளையின் நீளவாக்கில் கத்தரியை ஓட்டி வெட்டி உரிப்பது நல்லது. இரு முனைகளிலும் அச்சைச் சுற்றி இறுகிய முடியை விட்டுவிட்டால் அங்கேயே சூடேறி பிளாஸ்டிக் உருகும். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுக்க வேண்டுமா என்று கேட்டால், பையையும் ஃபில்டரையும் ஹோஸையும் நீங்களே பார்க்கும் வரை வேண்டாம். கார்பன் பிரஷ்ஷுக்கும் பேரிங்குக்கும் தேவைப்படும்போது கூலி கொடுத்துச் செய்தால் போதும்.

தீர்ப்பு இதுதான். வாரந்தோறும் மெத்தையும் சோபாவும் சுத்தம் செய்கிற வீட்டுக்கு, முக்கியமாக மூச்சிரைப்பு உள்ள ஒருவர் இருக்கும் வீட்டுக்கு, ஒருமுறைப் பை உள்ள இயந்திரம்தான். அதன் குப்பைச் செலவை நான் மறைக்கவில்லை. தினமும் துடைப்பம் பெருக்கும் வீட்டில் ஒரு பை மாதக்கணக்கில் வரும் என்பதால், ஒருவருடைய நுரையீரலுக்கு எதிரே வைத்தால் அது தாங்கக்கூடிய செலவு. வருடத்தில் இரண்டு மூன்று முறை மட்டும் எடுக்கிறவர்களுக்குக் குடுவை. அதைக் கொட்டுகிறவர் முகக்கவசத்தோடு, வாசலுக்கு வெளியே, குடுவையைப் பெரிய பிளாஸ்டிக் உறைக்குள் விட்டுத் திறக்க வேண்டும். துணிப்பை இருவருக்கும் வேண்டாம். ஏற்கெனவே அது மட்டும் உள்ள இயந்திரம் வைத்திருப்பவர்கள், அதே சட்டத்தில் பொருந்தும் செயற்கை இழைப் பை கிடைக்கிறதா என்று சர்வீஸ் கடையில் கேட்டுப் பாருங்கள், சில மாடல்களுக்கு உண்டு. புதிதாக வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் இழுவையைக் காட்டச் சொல்ல வேண்டாம். பை பாக்கெட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், ஃபில்டரை உங்கள் கையாலேயே கழற்றி மாட்டிப் பாருங்கள். பை அந்தக் கடையில் இருப்பில் இல்லையென்றால் அந்த இயந்திரத்தை அங்கே வாங்க வேண்டாம்.