துணிவுக்கு இட்ட பெயர்கள்

தாமிரபரணி என்று வழங்கும் பொருநைக் கரையிலுள்ள ஏரலின் கடைவீதியில் அரைநாள் நின்று செவிகொடுப்பவன், ஒருவனுடைய துணிவைக் குறிக்க நம்மவரிடம் எத்தனை சொற்கள் புழங்குகின்றன என்று வியக்காமல் இரான். சொன்ன விலைக்கு மேல் பேச்சில்லை என்று நிற்கும் வாலிபனுக்கு ஏத்தம். பெரியவர் பேச்சினிடையே தன் கருத்தை நுழைப்பவன் அகராதி பிடிச்சவன். எதிர்த்துப் பேசும் பெண்ணுக்கு வாய்க்கொழுப்பு. கடன் கொடுத்தவன் வாசலில் நின்றும் அசையாதவனுக்கு நெஞ்சழுத்தம். (1732-இல் சதுரகராதியை இயற்றிய வீரமாமுனிவர், அகராதி என்ற சொல் எங்கள் ஜில்லாவில் வசையாகப் புழங்குமென்று கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்.)

இச்சொற்களின் முதற்சிறப்பு, அவை சரீரத்தை விட்டு விலகாதவை என்பதே. நெடுநேரம் மடக்கி உட்கார்ந்த காலைத் திமிர் பிடித்தது என்கிறோம். உணர்ச்சியற்றுக் கிடக்கும் நோயைத் திமிர்வாதம் என்றனர் வைத்தியர். பிறருடைய வலி தன்மேல் பட்டும் தெரியாதபடி மரத்துப்போன மனத்துக்கும் அச்சொல்லையே வழங்கிய ஜனங்கள், கர்வத்தின் மூலகாரணம் உணர்ச்சியின் குறைவே என்பதைச் சாஸ்திரப் பயிற்சியின்றியே கண்டுகொண்டவர்கள் என்று நான் கருதுகிறேன். கர்வம், அகங்காரம், மமதை என்னும் வடசொற்கள் தத்துவத்தால் உயர்ந்தவை ஆயினும், காலைத் தொட்டுக் காட்டும் இந்தத் தெளிவு அவற்றுக்கு இல்லை.

துணிவு என்னும் சொல்லோ இன்னும் ஆழமுடையது. துணித்தல் என்றால் வெட்டுதல். ஐயத்தின் கிளைகளை வெட்டியெறிந்தபின் எஞ்சும் முடிவையே பழைய உரைகாரர் துணிபு என்றனர். தீர்மானத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லும் வெட்டுதல் என்ற வினையிலிருந்தே பிறந்தது என்பதை நோக்குங்கால், தொலைவிலுள்ள இரு மக்களும் ஒரே உவமையில் வந்து சேர்ந்தது வியப்பளிக்கிறது. திருவள்ளுவரும் தெரிந்துசெயல்வகை அதிகாரத்தில் எண்ணுதலை முன்னும் துணிதலைப் பின்னும் வைத்தார். சாகசத்தின் கதை இதற்கு நேர்மாறானது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் அது பலாத்காரமாகச் செய்யும் குற்றத்தின் பெயர். அதற்கென ஓர் அத்தியாயமே உண்டு. ஏதென்ஸ் நகரத்தாரும் ஹூப்ரிஸ் என்று, செருக்கோடு பிறரை அவமதிக்கும் செயலை வழக்காடத்தக்க குற்றமாகவே கொண்டிருந்தனர். தண்டனைக்குரியதாயிருந்த சாகசம் இன்று நம் பத்திரிகைகளில் மாலை சூடி நிற்கிறது.

இவ்வளவு நுட்பமான சொற்களைக் கையாளுவதில் நாம் நடுநிலை தவறிவிட்டோம். செயல் ஒன்றாயிருக்க, செய்தவனுடைய அந்தஸ்தைப் பார்த்துப் பெயர் மாறுகிறது: பண்ணையார் நிமிர்ந்து பேசினால் தைரியம், அவர் வயலில் களையெடுப்பவள் நிமிர்ந்து பேசினால் திமிர். விளைவைப் பார்த்து மாறுவது மற்றொரு கேடு. 1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை, ரூபாய் 25 வீதம் 40,000 பங்குகளென்று பத்து லட்ச ரூபாய் மூலதனத்துக்குத் திட்டமிட்டு, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விடுவதற்கு ஒரு கம்பெனி தொடங்கினார். 1908-இல் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்; 1911-இல் கம்பெனியும் கலைக்கப்பட்டது. இன்று அம்முயற்சியைத் தீரம் என்று போற்றாதார் இல்லை. ஆனால் பங்குப் பணத்தை இழந்தவன் வீட்டுத் திண்ணையில் அன்று எந்தச் சொல் வழங்கியிருக்கும் என்று நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு.

இவற்றினும் பெரிய குறையொன்று உண்டு. நம் சொற்கள் பெரும்பாலும் மனிதனுடைய குணத்தை எடைபோடுகின்றன. அவன் போட்ட கணக்கை எடைபோடும் சொல் அவற்றுள் அரிது. பரீட்சை எழுதும் பிள்ளைகள் ‘ஓவர் கான்ஃபிடன்ஸ்’ என்று அந்நியச் சொல்லைக் கடன்வாங்குவதும், பத்திரிகைகள் அதீத நம்பிக்கை என்று மொழிபெயர்த்துத் தடுமாறுவதும் இதனாலேதான். தவறாக அளந்தவன் கெட்டவனாயிருக்க வேண்டுமென்று நியதி ஒன்றுமில்லையே! உதாரணம் ஒன்று சொல்கிறேன்: 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்ட, தாமிரபரணி கரைபுரண்டு ஏரல் கடைவீதியை மூழ்கடித்தது. ஊர் சில நாள் வெளியுலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. 17-ஆம் தேதி இரவிலே திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், ஏறக்குறைய 800 பிரயாணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த மண்ணும் ஜல்லியும் அரித்துச் செல்லப்பட்டிருந்தன. படகைக் கொண்டுவந்து வெள்ளத்தில் இறக்கிய கடற்கரை மீனவரைத் துணிந்தவர் என்றோம், அது பொருந்தும். வீட்டை விட்டு வெளியேறாதவரை அசட்டுத் துணிச்சல் என்றும், அதிகாரிகளை மெத்தனம் என்றும் ஏசினோம். ஆற்றின் அளவை யார் எப்படிக் கணக்கிட்டார்கள் என்று விசாரித்தவர் சிலரே.

வெள்ளம் வடிந்த பின்னர், சேறு படிந்த ஜவுளி மூட்டைகளை வாசலில் உலர்த்திக்கொண்டிருந்த வியாபாரி ஒருவரிடம், சரக்கை மச்சுக்கு ஏற்றாமல் விட்டதேன் என்று கேட்டேன். அவர் தம்மைத் திமிர் பிடித்தவர் என்று நொந்துகொள்ளவும் இல்லை, விதியின்மேல் பழிபோடவும் இல்லை.

“படி தாண்டி வராதுன்னு ஒரு நெனப்பு அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு, அடுத்த மூட்டையைப் பிரிக்கலானார்.