ஊன் கொள்வோன் பொறுப்பு: புலான்மறுத்தல் அதிகாரம் பற்றியோர் ஆராய்ச்சி

திருக்குறளின் அறத்துப்பாலிலே, ஊனுண்டலை விலக்கும் புலான்மறுத்தல் 26ஆம் அதிகாரமாகவும், உயிர்க்கொலையை விலக்கும் கொல்லாமை 33ஆம் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. பெரும்பாலும் கொலையின்றி ஊன் கிடைத்தல் இல்லை. ஆகவே கொல்லாமையை முதற்கண் கூறி, அதனைச் சார்ந்தே புலான்மறுத்தலைக் கூறுதலன்றோ முறை? அங்ஙனமாகவும், வள்ளுவர் இவ்விரண்டிற்கும் இடையே தவம், கூடாவொழுக்கம், கள்ளாமை, வாய்மை, வெகுளாமை, இன்னாசெய்யாமை என ஆறு அதிகாரங்களை வைத்தார். புலான்மறுத்தலையோ அருளுடைமைக்கு அடுத்து நிறுத்தினார். இவ்வைப்பு முறையை நுணுகி நோக்குவார்க்கு, நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு வினாவுக்கு விடை புலனாகும். கொல்பவன் வேறு, தின்பவன் வேறு ஆயின், தின்பவனுக்குப் பாவம் யாது என்பதே அவ்வினா.

சங்ககாலத்துச் சான்றோர் இவ்வினாவை எழுப்பினாரல்லர். புறநானூற்றில் ஊனும் சோறும் விருந்தின் சிறப்பாகவே பேசப்படுகின்றன. அந்தணராகிய கபிலர், சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதனை நோக்கிப் பாடுங்கால், தம்மைப் போன்ற பரிசிலர்தம் கைகள் மென்மையாயிருத்தற்கு ஊன்சோறு உண்ணும் தொழிலையே காரணமாகக் கூறுகின்றார். அங்கே குற்றவுணர்வும் இல்லை, வாதமும் இல்லை.

சமணமும் பௌத்தமும் தமிழகத்திற் பரவிய பின்னரே இது வாதப்பொருளாயிற்று. கொல்லாமையை இரு சமயங்களும் உடன்பட்டன; ஊனுண்டலில் வேறுபட்டன. தனக்கெனக் கொல்லப்பட்டதாகக் கண்டிராத, கேட்டிராத, ஐயுறாத ஊனைத் துறவி ஏற்கலாம் என்பது பாளி விநயநூலின் கொள்கை. மீனும் ஊனும் முற்றாக விலக்கப்படவேண்டும் எனத் தேவதத்தன் வேண்டியபோது புத்தர் அதற்கு உடன்படவில்லை என்றும் அந்நூல் கூறும். இட்டதை ஏற்று உண்ணும் இரவலனுக்கு இவ்விதி பொருந்துவதே. ஆயின் பௌத்தர் எல்லாரும் இதனோடு அமைந்தாரல்லர். இலங்கையையும் இராவணனையும் தொடக்கத்திற் கொண்ட இலங்காவதார சூத்திரம் என்னும் மகாயான நூல், ஊனுணவை ஒரு தனி அதிகாரத்திற் கண்டிக்கின்றது. தமிழிலோ சமண நூலாகிய நீலகேசி, பௌத்தரோடு நிகழ்த்தும் வாதங்களில் இதனையும் ஒரு பொருளாக எடுத்துக்கொள்கின்றது.

இவ்வாதத்தினுள் வள்ளுவர் புகுத்திய புதுமை யாது எனின், துறவியின் பிச்சைப்பாத்திரத்தினின்றும் வினாவை எடுத்துச் சந்தைக்குக் கொண்டு சென்றமையே. புலான்மறுத்தலின் ஆறாங் குறளில், தின்னுதற்பொருட்டு உலகத்தார் கொல்லாராயின், விலையின்பொருட்டு ஊனைத் தருவாரும் இல்லையாவர் என்கின்றார். பின்னே நிகழும் தின்கை முன்னே நிகழ்ந்த கொலைக்கு யாங்ஙனம் காரணமாகும் என்று வாதிடுவானை மறுத்தற்கு எழுந்தது இது என்பது பரிமேலழகர் கருத்து. அருத்தாபத்தி என்னும் அளவையால் ஈண்டுக் காரணமாதல் நிறுவப்பட்டது என்பர் அவர். இன்று வாங்கியவன் இன்று செத்த ஆட்டைக் கொன்றிலன் என்பது உண்மையாகலாம். நாளைச் சாகும் ஆட்டுக்கு அவன் இன்று விலை கொடுத்தான் என்பதும் உண்மையே. ஒருமுறை நிகழும் செயலாக நோக்குங்கால் மறைந்து நிற்கும் தொடர்பு, வழக்கமாக நோக்குங்கால் வெளிப்படுகின்றது.

எனினும், இவ்வொரு காரணமே போதுமாயின், தானே இறந்த விலங்கின் ஊனை உண்பதற்குத் தடை யாது? மணிமேகலை இவ்விடத்தைத் தொட்டுச் செல்கின்றது. கலங்கவிழ்ந்து நாகர் மலையை அடைந்த சாதுவன், அவர்தம் தலைவனுக்குக் கொலையை விடுமாறு அறிவுறுத்துகின்றான். அங்ஙனமாயின் தம்மவர் வாழும் நெறி யாது எனத் தலைவன் வினவ, மூப்பினால் இறக்கும் விலங்கை ஒழித்து மற்றெவ்வுயிர்க்கும் தீங்கு செய்யற்க என்கின்றான். மக்களையும் உண்டு வாழ்ந்த ஒரு கூட்டத்தார்க்கு அவர்தம் ஆற்றலறிந்து வகுத்த அறம் இது, படிமுறையால் உயர்த்துவது.

வள்ளுவர் அச்சலுகையை அளித்திலர். விலையின் காரணத்தைக் கூறிய குறளை அடுத்தே, ஊன் என்பது பிறிதோர் உடம்பின் புண். அதனை உணரப்பெறின் உண்ணாது விடல் வேண்டும் என்றார். முன்னையது அறிவுக்குக் காட்டிய காரணம். பின்னையது உணர்வுக்குக் காட்டியது. இறந்தமை எவ்வாறாயினும் புண் புண்ணே. அதிகாரத்தின் முதற்குறளே, தன் உடம்பை வளர்க்கப் பிற உடம்பைத் தின்பவன் அருளை ஆளுதல் எங்ஙனம் என்று வினவுகின்றது. எனவே, கொல்லாமை செயலைப் பற்றிய விலக்கு. புலான்மறுத்தல் உண்பானது நெஞ்சத்தைப் பற்றிய ஆராய்ச்சி. அருளுடைமையின் பக்கத்திலே அது வைக்கப்பட்டதன் பொருத்தம் இதுவேயாம்.

இவ்விரண்டு அதிகாரங்களும் துறவறவியலில் விரதத்தின்பாற் பட்டன என்று பரிமேலழகர் வகுத்தார். அதனைக் கொண்டு, இவை துறவிகளுக்கே உரியன, இல்லறத்தாரைக் கட்டுப்படுத்தா எனச் சிலர் உரைப்பர். இக்கூற்று நூலின் அகச்சான்றோடு முரண்படுகின்றது. ஊனை விலைகொடுத்துக் கொள்பவன் துறவியல்லன்; பொருளும் அடுக்களையும் உடைய இல்வாழ்வானே. விலைப்பொருட்டு நிகழும் கொலையைச் சுட்டிய ஆசிரியர், கொள்வோரின்றித் துறவியரை மாத்திரம் முன்னிலைப்படுத்தி அதனைக் கூறினார் எனல் பொருந்தாது. மேலும், கொல்லாமை அதிகாரத்தில் பகுத்துண்டு பல்லுயிரையும் பேணுதலை அறங்களுள் தலையாயதாக உயர்த்துகின்றார். பகுத்துண்ணுதற்கு உணவு வேண்டும். அது பெரிதும் இயல்வது இல்லறத்தார்க்கே. ஆகலின் துறவறவியலில் வைத்தமை இவ்வறத்தின் அருமையைக் காட்டுமேயன்றி, ஏனையோரை விடுவிக்குமாறில்லை.

சைவர் பலர் இங்கே கண்ணப்பநாயனாரைத் துணைக்கழைப்பர். காளத்தியப்பர் வேடர் படைத்த ஊனை ஏற்றருளினாரே, பின் விலக்குவது ஏன் என்பர். பெரியபுராணத்தை முடிவுவரை கற்பார்க்கு இவ்வாதம் நில்லாது. கண்ணப்பர் தம் வாய்க்கெனத் தேடியதை இறைவனுக்கு இட்டாரல்லர்; தாம் அறிந்தவற்றுள் சிறந்தது எதுவோ அதனை இட்டார். சிவகோசரியாரின் தூய பூசையோடு ஒப்பிட்டு இறைவன் காட்டியதும் ஊனின் சுவையையன்று, அன்பின் எல்லையையே. ஆறாம் நாள் இறைவன் திருக்கண்ணிற் குருதி பெருகக் கண்டவர், ஊனுக்கு ஊனே மருந்தென்னும் பழமொழியை நினைந்து தம் கண்ணையே இடந்து அப்பினார். தன்னுடம்பை வளர்க்கப் பிறவுடம்பைக் கொள்வதே வள்ளுவர் கடிந்த குற்றம். பிறர் புண்ணை ஆற்றத் தன்னுடம்பைக் கொடுத்ததே கண்ணப்பர் செய்த செயல். ஆகவே வேடர் வரலாறு புலான்மறுத்தலுக்கு மறுப்பன்று. அருளின் மறுகரையை அது காட்டுகின்றது. கண்ணை இடந்து கொடுக்க ஒருப்படாதவன், அவர் ஊன் இட்டதை மாத்திரம் முன்மாதிரியாகக் கொள்ளுதல் தகாது.

திருமந்திரத்தின் முதல் தந்திரம் கொல்லாமையையும் புலான்மறுத்தலையும் அடுத்தடுத்து வைத்துக் கூறுகின்றது. 19ஆம் நூற்றாண்டிலே நல்லூர் ஆறுமுகநாவலர் (1822–1879), தம் நான்காம் பாலபாடத்திற் கொலை, புலாலுண்ணல் என்பவற்றைத் தனித்தனிப் பாடங்களாக்கி மாணாக்கர் கையிற் கொடுத்தார். அருட்பா வழக்கில் அவருக்கு எதிர்நின்ற இராமலிங்க அடிகளும் (1823–1874) இவ்வொன்றில் அவரோடு ஒத்தவரே. கொல்லாமையை வற்புறுத்திய அடிகள் 1867இல் வடலூரிலே தருமசாலை அமைத்துப் பசித்தோர்க்கு உணவளித்தமை, பகுத்துண்டலும் உயிரோம்பலும் ஒன்றே என்னும் குறட்கருத்தின் செயல்வடிவமாகும்.

யாழ்ப்பாணத்து வழக்கிலே சைவம் என்னும் சமயப்பெயரே புலாலில்லா உணவுக்கும் பெயராயிற்று. வெள்ளிக்கிழமை சைவம், ஏனைய நாட்களில் மச்சம் என்பது பல இல்லங்களின் நடைமுறை. சாதுவன் நாகர்க்கு அளித்த படிமுறையைப் போல, இதுவும் தொடக்கம் என்ற அளவிற் போற்றத்தக்கதே. ஆயின் உண்ணாமையைக் குலப்பெருமையாக்கி, வலைவீசுவோரையும் ஆடறுப்போரையும் தாழ்வாக நோக்கும் மனப்பான்மை அதனோடு கலந்துவிட்டது. கொலைத்தொழிலை வள்ளுவர் கண்டித்தார் என்பது மெய்யே. ஆயினும், விலைகொடுப்பானைக் கொல்வானுக்கு அருகே நிறுத்தியவரும் அவரே. சனிக்கிழமை சந்தையில் மீன் வாங்குபவன், அதனைப் பிடித்தவனை வெள்ளிக்கிழமையில் இகழ்தற்கு அவர் நூலில் இடமில்லை.

முற்காலத்திற் கொலை ஊர்நடுவே நிகழ்ந்தது. உண்பவன் காதில் அதன் ஓலம் விழுந்தது. இக்காலத்திலோ பொதியிட்டுக் குளிரூட்டிய ஊன் கடைத்தட்டிற் கிடக்கின்றது. காணாமையும் கேளாமையும் எல்லார்க்கும் எளிதாயின. கண்டிலேன், கேட்டிலேன் என்னும் விடை எளிதாகுந்தோறும், விலை கொடுத்தது யார் என்னும் வள்ளுவர் வினாவே வலிமை பெறுகின்றது. அவ்வினாவுக்குத் தன் நெஞ்சறிய விடை கூறுதலே அருளுடைமையின் முதற்படியாகும்.