நாற்காலியும் கயிறும்

தேர்தல் முடிந்து புதிய சட்டமன்றம் கூடும்போதெல்லாம் ஒரு பட்டியல் வெளிவருகிறது. பேரவைத் தலைவர் இன்னார், துணைத் தலைவர் இன்னார், முதலமைச்சர் இன்னார், இந்தத் துறைக்கு இந்த அமைச்சர், இந்தத் தொகுதிக்கு இந்த உறுப்பினர் என்று வரிசை வரிசையாகப் பெயர்கள்! பெயருக்கு முன்னால் 'மாண்புமிகு' எனும் அடைமொழி! காவியத்தையும் நாடகத்தையும் எடைபோட்டுப் பார்க்கும் நாம், இந்தப் பட்டியலையும் ஒரு நூலாகக் கருதிப் படித்துப் பார்த்தால் என்ன? அதுவும் கோட்டை வாயிலில் நின்று அண்ணாந்து பார்த்து அல்ல. தூத்துக்குடிக் கடற்கரையில், உப்புக் காற்றில் நின்றுகொண்டு!

அந்தக் கடற்கரைக்கென ஒரு தொழில் இருந்தது. முத்துக்குளிப்பு. பாண்டியன் புகழ் பாடும் புலவர்கள் முத்தின் ஒளியைப் பாடினார்கள். முத்தெடுத்தவன் மூச்சைப் பாடியவர் மிகச் சிலர். குளிப்பவன் காலில் கல்லைப் பிணைத்துக்கொண்டு கடலடியில் இறங்குவான். முத்துப்பாரில் கிடக்கும் சிப்பிகளைக் கைக்கு எட்டிய மட்டும் வாரிப் பையில் இடுவான். மூச்சு முட்டும் வேளையில் கயிற்றை அசைப்பான். மேலே தோணியில் அந்தக் கயிற்றைப் பிடித்தபடி ஒருவன் இருக்கிறானே, அவன் அந்த நொடியே இழுத்தாக வேண்டும். அவன் வேறு பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருக்க முடியாது, கண்ணயர முடியாது, கயிற்றை விட்டுவிட்டுக் கரைக்குப் போகவும் முடியாது. கீழே இருப்பவனுக்குக் குரல் கிடையாது. அவனுடைய குரலெல்லாம் அந்தக் கயிறுதான்.

ஆங்கிலேயர் ஆட்சியில் முத்துக்குளிப்பு அரசின் தனியுரிமை. அதிகாரிகள் நாள் குறிப்பார்கள். அதிகாரிகள் பார் குறிப்பார்கள். கரை சேர்ந்த சிப்பியை மூன்று கூறாக்குவார்கள். இரண்டு கூறு அரசுக்கு. ஒரு கூறு மூச்சடக்கியவனுக்கு! அரசின் கூறு அங்கேயே ஏலம் போகும். சாதித்தலைவருக்கென்று தனியே தோணி ஒதுக்கும் வழக்கமும் இருந்தது. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாகச் சொல்லிக்கொண்டவனுக்குங்கூடச் சிப்பி கிடைத்தது. சுறாவுக்கு மந்திரம் தெரியுமோ தெரியாதோ, மந்திரக்காரனுக்குப் பங்கு தெரிந்திருந்தது!

இந்த இரண்டுக்கு ஒன்று எனும் கணக்கை எந்த மன்றத்தில் எவன் எழுந்து கேட்டிருக்க முடியும்? 1861ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சென்னை மாகாணச் சட்டசபை, ஆளுநர் தலைமையில் அவர் நியமித்தவர்கள் அமர்ந்த சபை. 1909ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் நிலக்கிழார்க்கு இடம் வந்தது, வணிகக் கழகத்துக்கு இடம் வந்தது, தோட்ட முதலாளிக்கு இடம் வந்தது. 1920இல் இரட்டையாட்சி வந்தபோது உறுப்பினர் 127 பேரில் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். நீதிக்கட்சி அமைச்சரவை அமைத்தது. அது பெரிய மாறுதல்தான், மறுக்கவில்லை. ஆயினும் வாக்குச்சீட்டு, வரி கட்டுவோன் கையில் மட்டுமே இருந்தது. கடலில் உழுதவனுக்கு நிலவரி ஏது? 1949இல் அமைந்த குமாரசாமி ராஜா அமைச்சரவையில் தூத்துக்குடியைச் சேர்ந்த ரோச் விக்டோரியா உணவு அமைச்சராக வீற்றிருந்தார். கடற்கரைக்கு அமைச்சர் கிடைத்துவிட்டார். கடலில் குளிப்பவனுக்கோ வாக்குக் கிடைக்க 1952ஆம் ஆண்டுத் தேர்தல்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வயதுவந்த அனைவரும் வாக்களித்த பின்னர் முத்துக்குளிப்பு அங்கே எத்தனை ஆண்டு நடந்தது? 1955 முதல் 1961 வரை. பிறகு பார்கள் வறண்டன. மூச்சடக்கியவன் கையில் சீட்டு வந்தது, முத்துப் போய்விட்டது.

ஆனால் கயிறு போகவில்லை என்பதே நம் கருத்து. மக்களாட்சியில் சட்டமன்ற உறுப்பினன் யார்? கயிறு பிடிப்பவன். அமைச்சர் யார்? கயிறு அசைந்தால் விடை சொல்லக் கடமைப்பட்டவர். அமைச்சரவை முழுவதும் சட்டப்பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்று அரசியலமைப்பின் 164ஆம் பிரிவு சொல்கிறது. பேரவைத் தலைவர் யார்? எவன் கையிலிருக்கும் கயிறும் அறுக்கப்படாமல் பார்த்துக்கொள்பவர். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பட்டியலை மீண்டும் படிப்போம்.

தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986 அக்டோபர் 20இல். அதற்கு முன் அது திருநெல்வேலிச் சீமையின் பகுதி. இந்தப் பழைய சீமை ஐந்து பேரவைத் தலைவர்களைத் தந்திருக்கிறது: செல்லபாண்டியன், ஆதித்தனார், பி. எச். பாண்டியன், ஆவுடையப்பன், அப்பாவு. ஒரு சீமைக்கு ஐந்து நாற்காலி என்று பெருமை பேச இது போதும். நமக்குப் பெருமை வேண்டாம், கணக்கு வேண்டும். ஐவரில் இருவரைப் பற்றி மட்டும் இங்கே விரிவாகப் பேசுகிறோம்.

காயாமொழியில் பிறந்து, 'தினத்தந்தி' கண்டு, 1967இல் திருவைகுண்டம் தொகுதியில் வென்ற சி. பா. ஆதித்தனார் அவ்வாண்டு மார்ச்சில் தலைவரானார். ஆங்கிலம் அரசோச்சிய அவையில் தமிழுக்கு இடம் பெருகியது. அவர் தலைமையில் கூடிய அவைதான் 1967 சூலை 18இல் நாட்டுக்குத் 'தமிழ்நாடு' என்று பெயரிடும் தீர்மானத்தை நிறைவேற்றியது. புரோகிதனில்லாத் திருமணத்துக்குச் சட்ட ஏற்புத் தந்ததும் அதே அவை. இவை வரலாற்றில் நிற்கும். ஆனால் 1968 ஆகத்தில் அந்த நாற்காலியை விட்டு இறங்கியவர், 1969இல் கருணாநிதி அமைச்சரவையில் கூட்டுறவு அமைச்சராகிவிட்டார். நேற்றுவரை எல்லாக் கட்சிக்கும் பொதுவாய் இருந்தவர் இன்று ஒரு கட்சியின் அமைச்சர்! சட்டம் தடுக்கவில்லை, மரபு தடுத்திருக்க வேண்டும். நடுவர் நாற்காலி அமைச்சர் நாற்காலிக்கு ஏறும் படிக்கட்டு எனும் எண்ணம் நாட்டில் வேரூன்றினால், படிக்கட்டில் நிற்பவன் மேலே பார்ப்பானேயன்றிக் கீழே பார்ப்பானா? நம்மவர் செய்ததாயிற்றே என்று நாம் வாய்மூடி இருப்பதற்கில்லை.

அடுத்தவர் பி. எச். பாண்டியன். தமக்கு 'வானளாவிய அதிகாரம்' உண்டென்று சொல்லிப் புகழ்பெற்றவர். 1986 டிசம்பரில், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அரசியலமைப்பின் மொழிப் பகுதியைக் கொளுத்தியதற்காகப் பேராசிரியர் அன்பழகன் உள்ளிட்ட பத்து உறுப்பினர்கள் அவரது அவையிலிருந்து நீக்கப்பட்டனர். 1987 மார்ச்சில் 'ஆனந்த விகடன்' அட்டையில் ஒரு நகைச்சுவைச் சித்திரம் வந்தது. மேடையில் இருவர், ஒருவர் சட்டமன்ற உறுப்பினர், மற்றவர் அமைச்சர், பார்வைக்கு ஒருவர் முடிச்சவிழ்ப்பவர்போல, மற்றவர் முகமூடிக் கொள்ளையர்போல என்பது அதன் கேலி. அவை கொதித்தது. அவ்விதழின் ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல்! நாடெங்கும் கண்டனம் எழவே சில நாளில் விடுதலை. அவர் வழக்காடினார், 1994இல் உயர்நீதிமன்றம் அந்தச் சிறைவைப்பு தவறென்று கூறி ஆயிரம் ரூபாய் இழப்பீடு விதித்தது. வானத்தை அளந்த அதிகாரத்துக்கு நீதிமன்றம் இட்ட விலை ஆயிரம் ரூபாய்!

கேலிச் சித்திரத்தால் மாண்பு கெட்டதாகத் துடித்த அதே அவையில், 1988 சனவரி 28இல், ஜானகி அமைச்சரவை மீதான நம்பிக்கை வாக்கெடுப்பின்போது காவலர் தடியோடு உள்ளே புகுந்து உறுப்பினர்களை அடித்தார்கள். 1642இல் இங்கிலாந்து மன்னன் சார்லசு ஐந்து உறுப்பினரைப் பிடிக்கப் படைவீரரோடு நாடாளுமன்றத்துள் நுழைந்தபோது, அவைத்தலைவர் இலெந்தால் மண்டியிட்டு, அவையின் கட்டளையின்றித் தம் கண் காணாது, நாப் பேசாது என்று சொல்லி ஒருவரையும் காட்டிக்கொடுக்க மறுத்தார். மன்னனுக்கு முன் மண்டியிட்ட அவர் நிமிர்ந்து நின்றார். வானளாவ நின்றவர் எங்கே நின்றார்?

இவரை மட்டும் குற்றம் சொல்வதும் அறமாகாது. 1972 டிசம்பர் 2இல் தலைவர் மதியழகனும் துணைத் தலைவர் சீனிவாசனும் ஒரே நேரத்தில் ஒரே அவையை நடத்திய காட்சியை இந்நாடு கண்டது. 1967இல் காமராசரை விருதுநகரில் வென்ற மாணவத் தலைவர்தான் அந்தச் சீனிவாசன். கட்சி உடைந்தால் நாற்காலியும் உடையும் என்று அன்றே தெரிந்துவிட்டது. 1985இல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தபோது, உறுப்பினரைத் தகுதிநீக்கும் நீதிபதியாகவும் இதே பேரவைத் தலைவரை ஆக்கினார்கள். ஆளுங்கட்சியின் சின்னத்தில் வென்றவர், ஆளுங்கட்சியின் வழக்கில் நீதிபதி! இப்பொறுப்பைத் தனி நடுவர் மன்றத்திடம் தருவது பற்றி எண்ணிப் பார்க்குமாறு உச்சநீதிமன்றம் 2020இல் நாடாளுமன்றத்துக்குச் சொல்லியும் ஆயிற்று.

இந்தச் சட்டம் தூத்துக்குடியில் என்ன செய்தது? இதைத்தான் இளைஞர்கள் நன்கு அறிய வேண்டும்.

2017 பிப்ரவரி 18இல் பழனிசாமி அமைச்சரவை நம்பிக்கை வாக்குக் கோரியது. ஆளுங்கட்சியின் 11 உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களித்தனர். திருவைகுண்டம் உறுப்பினர் அவர்களுள் ஒருவர். அவர்கள் பதவி பறிபோகவில்லை. ஆகத்து மாதம் அதே கட்சியின் வேறு உறுப்பினர்கள், முதலமைச்சர்மீது நம்பிக்கையில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தனர். அவையில் எதிர்த்து வாக்களித்தவர்கள் அல்லர், கடிதம் கொடுத்தவர்கள்! செப்டம்பர் 18இல் அவர்களில் 18 பேரைத் தலைவர் தனபால் தகுதிநீக்கம் செய்தார். அந்தப் பதினெண்மரில் ஓட்டப்பிடாரம் உறுப்பினரும் விளாத்திகுளம் உறுப்பினரும் இருந்தனர். எதிர்த்து வாக்களித்தவருக்கு நாற்காலி. கடிதம் எழுதியவருக்குக் கதவு! ஒரே மாவட்டத்தில் இருவகை நீதி.

தனபால் ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து அந்த உயர்ந்த நாற்காலிக்கு வந்தவர். 1946 முதல் 1955 வரை சிவசண்முகம் பிள்ளை அமர்ந்திருந்த அந்த இடத்தில் மீண்டும் அச்சமூகத்தார் ஒருவர் அமர்ந்தது சமூகநீதியின் வெற்றி, அதைக் கொண்டாடுகிறோம். கொண்டாடுவதனாலேயே தீர்ப்பை ஆராயாமல் விட்டுவிட்டால், அது மதிப்பாகாது, சலுகையாகும். உயர்நீதிமன்றம் 2018 அக்டோபரில் அத்தீர்ப்பு செல்லும் என்றது. சட்டப்படி வழக்கு முடிந்தது. நம் கேள்வி சட்டத்தைப் பற்றியதன்று. கயிற்றைப் பற்றியது.

வ. உ. சி. பிறந்த மண் ஓட்டப்பிடாரம். பாரதி பிறந்த எட்டையபுரம் விளாத்திகுளம் தொகுதியைச் சேர்ந்தது. மாவட்டத்தின் ஆறு தொகுதிகளில் இவ்விரண்டுக்கும் உறுப்பினரில்லாத காலத்தில்தான் 2018 மே 22 வந்தது. தாமிர உருக்காலையை மூடக் கோரிய போராட்டத்தின் நூறாவது நாள். மக்கள் ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தார்கள். துப்பாக்கிகள் வெடித்தன, பதின்மூவர் மாண்டனர். அந்நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் அறிந்ததாக முதலமைச்சர் கூறினார்!

மே 29இல் பேரவை கூடியது. கயிறு இவ்வளவு வலுவாக அசைந்த நாள் வேறில்லை. உறுப்பினர்கள் என்ன செய்தார்கள்? இரண்டு இருக்கை வெறுமை. எதிர்க்கட்சியினரோ வெளிநடப்புச் செய்து, மறுநாள் தங்கள் கட்சி நிலையத்தில் மாதிரிச் சட்டமன்றம் நடத்தினார்கள். சினத்தின் காரணம் நமக்குப் புரிகிறது. ஆனால் மாதிரி மன்றத்தில் அமைச்சர் இல்லையே! விடை சொல்லக் கடமைப்பட்டவரை அங்கே விட்டுவிட்டு, கேள்வியை மட்டும் இங்கே தூக்கி வந்தால் என்ன பயன்? ஒரு சாரார் கையில் கயிறு அறுக்கப்பட்டது. மறு சாரார் தாமே கீழே போட்டார்கள்.

விளாத்திகுளத்தில் 2019 ஏப்ரல் 18இல் இடைத்தேர்தல். ஓட்டப்பிடாரத்தில் மே 19இல். இருபது மாதம் இரண்டு தொகுதிக்கு வாயில்லை. நீக்கப்பட்ட இருவரும் அவையில் இருந்திருந்தால் மக்களுக்காக முழங்கியிருப்பார்கள் என்று நாம் வாதிடவில்லை; அவர்களும் அந்தக் கட்சியின் சின்னத்தில் வந்தவர்களே. பேசினார்களா, வாளாவிருந்தார்களா என்று எடைபோட வாக்காளனுக்கு ஒரு மனிதன் வேண்டுமன்றோ? வெற்றிருக்கையை எவன் எடைபோடுவான்?

அருணா ஜெகதீசன் ஆணையம் 2022 மே 18இல் தன் அறிக்கையை அரசிடம் தந்தது. ஆட்சி மாறியிருந்தது. ஆணையத்தின் அறிக்கையை ஆறு மாதத்துக்குள் அவையில் வைக்க வேண்டும் என்பது 1952ஆம் ஆண்டுச் சட்டம்; ஐந்து மாதம் கழித்து, அக்டோபர் 18இல் வைத்தார்கள். அன்று தலைவர் நாற்காலியில் அமர்ந்திருந்தவர் இராதாபுரத்து அப்பாவு. திருநெல்வேலிச் சீமையின் ஐந்தாமவர். பதினேழு காவல்துறையினர்மீது நடவடிக்கை வேண்டும் என்றது அறிக்கை. அன்றைய ஆட்சியரின் கடமைத் தவற்றைச் சுட்டியது. தொலைக்காட்சியில் பார்த்தே அறிந்தேன் எனும் கூற்று தவறு. தலைமைச் செயலரும் காவல்துறைத் தலைவரும் உளவுத்துறை அதிகாரியும் முதலமைச்சருக்கு உடனுக்குடன் செய்தி தந்து வந்தனர் என்றும் சொல்லிற்று.

இது ஒரு நீதிபதி நான்காண்டு விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டிய மறைபொருளா? "உங்களுக்கு எப்போது தெரியும்? யார் சொன்னார்கள்?" என்ற இரண்டு வினாக்கள். 2018 மே 29 காலையில், முதலமைச்சர் எதிரே அமர்ந்திருந்த அவையில், தூத்துக்குடி மாவட்டத்து ஆறு உறுப்பினரும் எழுந்து நின்று கேட்டிருக்க வேண்டிய வினாக்கள்.