மொய் நோட்டுக்குத் தெரிந்தது க்யூஆர் அட்டைக்குத் தெரியவில்லை

கல்யாணத்துக்கு வந்தவர்கள் தங்கள் போனில் எடுத்த படங்களை எப்படி ஒரே இடத்தில் சேர்ப்பது? இந்தக் கேள்விக்கு இப்போது விடைகள் நிறைய இருக்கின்றன. வாட்ஸ்அப் குரூப், கூகுள் போட்டோஸ் ஆல்பம், மண்டப வாசலில் ஒட்டிய க்யூஆர் அட்டை, முகத்தைக் காட்டினால் படம் வரும் சேவை. சேலம், நாமக்கல் பக்கத்து மண்டபங்களில் இவை எல்லாமே பார்க்கக் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் எங்கே தேறுகிறது, எங்கே கோட்டை விடுகிறது என்று எழுதி வைப்பதற்குத்தான் இந்தக் குறிப்பு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் சேராததற்குக் காரணம் கருவி இல்லாதது இல்லை. ஆளுக்கு ஆள் போய்க் கேட்க ஒருவர் இல்லாததும், வந்த படத்தில் யார் இருக்கிறார்கள் என்று யாரும் எழுதி வைக்காததும்தான். இந்த இரண்டையும் நம்ம ஊர் மொய் மேசை எப்போதோ தீர்த்து வைத்திருக்கிறது.

எதுக்கு இந்த வேலை?

"அதான் போட்டோகிராபர் எடுக்கிறாரே" என்று கேட்பார்கள். எடுக்கிறார். ஆனால் அவர் மேடையைப் பார்த்து நிற்கிறார். முகூர்த்தக்கால், இணைச்சீர், தாலி கட்டு, பிறகு வரிசையில் வந்து பரிசு கொடுத்துப் போகிறவர்கள், இவ்வளவும் அவரிடம் பதிவாகிவிடும். மேடைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் பங்காளிகள், பந்தியில் இலை போடுகிற பசங்க, சமையல்கட்டு, ஜமக்காளத்தில் தூங்கிப்போன குழந்தை, முட்டி வலியால் மேடை ஏறாமல் நாற்காலியிலேயே இருந்துவிட்ட அமுச்சி, இவையெல்லாம் விருந்தாளி போனில்தான் இருக்கும்.

இதில் அந்தக் கடைசி ஆள்தான் முக்கியம். எங்கள் பக்கத்தில் ஒருவர் தவறினால் அன்றைக்கு ராத்திரியே கண்ணீர் அஞ்சலி பிளக்ஸுக்குப் படம் தேடுவார்கள். ஸ்டுடியோவில் தனியாக உட்கார்ந்து எடுத்த படம் வயதானவர்களுக்குப் பெரும்பாலும் இருக்காது. ஆதார் அட்டைப் படத்தில் அவர்களுக்கே அவர்களைப் பிடிக்காது. கடைசியில் ஏதாவது கல்யாணப் படத்திலிருந்துதான் வெட்டி எடுப்பார்கள். என் பெரியம்மாவுக்கும் அப்படித்தான் நடந்தது. கிடைத்தது நாலு குரூப் தாண்டி வந்த வாட்ஸ்அப் படம். பெரிதாக்கியதும் முகம் கட்டம் கட்டமாக உடைந்துவிட்டது. நல்ல மூலப்படத்தை எடுத்தவன் ரிக் வண்டி வேலைக்கு வடக்கே போன ஒரு சொந்தக்காரப் பையன். அதற்குள் அவன் இரண்டு போன் மாற்றியிருந்தான்.

இந்தப் பகுதிக்கே உரிய சிக்கல் இது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போகின்றன. நாமக்கல் லாரியும் அப்படித்தான். காலையில் முகூர்த்தம், மத்தியானச் சாப்பாடு, சாயங்காலமே பஸ் ஏறிவிடுவார்கள். அடுத்து ஊர் திரும்ப மாதக்கணக்கு ஆகலாம். ஆகவே படம் சேர்க்கக் கிடைக்கும் நேரம் அந்த ஒரு நாள்தான். "அப்புறம் அனுப்பறேங்க" என்று சொன்ன படம் பெரும்பாலும் வருவதில்லை.

இருக்கிற வழிகள்

வாட்ஸ்அப் குரூப். எல்லோர் கையிலும் இருப்பது இதன் பெரிய பலம். ஆனால் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். எடுத்த நேரம் போன்ற உள்விவரங்களும் போய்விடும். ஆண்ட்ராய்டு போனில் வந்து சேரும் கோப்பின் பெயரில் ஒரு தேதி இருக்குமே, அது படம் எடுத்த தேதி இல்லை, வாட்ஸ்அப்பில் வந்த தேதி. மூன்று மாதம் கழித்து பார்வர்டு ஆன படம் வேறு தேதியைச் சுமந்துகொண்டு நிற்கும். 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் மூலப்படம் அப்படியே வரும். அது தெரிந்தவர்கள் குறைவு. இன்னொன்று, குரூப்பில் யார் இருக்கிறார்கள்? பெரும்பாலும் மாமன் மச்சான் பசங்கதான். மகன் பெயரில் சிம் வைத்திருக்கும் அத்தைகள் பல குரூப்புகளில் இருப்பதில்லை.

கூகுள் போட்டோஸ் பகிர்வு ஆல்பம். படத்தின் தரம் நன்றாக இருக்கும். ஆனால் படம் சேர்ப்பவருக்குக் கூகுள் கணக்கு வேண்டும், அதில் இடமும் வேண்டும். 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏறும் படங்கள் எல்லாம் அந்த இலவச 15 ஜிபிக்குள்தான் கணக்காகின்றன. ஜிபி நிறைந்துபோன மாமாவால் ஒரு படம்கூடப் போட முடியாது. அதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. சேர்த்தவர் தன் கணக்கில் அந்தப் படத்தை அழித்தால் ஆல்பத்திலிருந்தும் போய்விடும், நாம் தனியாகச் சேமித்து வைத்திருந்தால் ஒழிய. ஆல்பம் நம்மிடம் இருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் அது நூறு பேர் கையில் இருக்கிறது.

க்யூஆர் அட்டை. இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. டிராப்பாக்ஸில் கோப்பு கேட்டு இணைப்பு உருவாக்கும் வசதி இருக்கிறது. கணக்கு இல்லாதவரும் அதில் படம் போடலாம், போட்டது நம் கணக்கிலேயே வந்து விழும். இலவசக் கணக்கில் 2 ஜிபிதான் என்பது குறை. தொழில்நுட்பமாகப் பார்த்தால் இருப்பதில் இதுதான் நேர்மையான வழி. ஆனாலும் அட்டை பேசாது. பந்திக்கு இடம் பிடிக்கிற அவசரத்தில் யாரும் நின்று ஸ்கேன் பண்ணி, பொறுக்கி, ஏற்றிவிட்டுப் போவதில்லை.

முகம் காட்டும் சேவை. செல்பி எடுத்துக் கொடுத்தால் நீங்கள் இருக்கும் படங்கள் உங்களுக்கு வரும். நல்ல வசதிதான். ஆனால் அடிப்படையில் இது போட்டோகிராபர் எடுத்ததை விருந்தாளிக்குப் பிரித்துக் கொடுக்கிற வழி. விருந்தாளி எடுத்ததை வாங்குகிற வேலை வேறு. அதோடு, ஒரு மண்டபம் நிறைய ஆட்களின் முக அளவுகள் ஒரு கம்பெனியிடம் போகின்றன. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்குச் செய்வதை விலக்கி வைக்கிறது. அந்த விலக்கு நம் வீட்டு ஆல்பத்துக்குப் பொருந்தும். சேவை விற்கிற கம்பெனிக்கும் அப்படியே பொருந்தும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

வெளிநாட்டு வழி ஒன்றையும் சொல்ல வேண்டும். பியூஜி கம்பெனி 1986இல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிலிம் கேமராவைக் கொண்டுவந்தது. பிறகு மேற்கத்திய கல்யாணங்களில் மேசைக்கு ஒன்று வைக்கும் பழக்கம் பரவியது. அது வேலை செய்ததற்குக் காரணம் எளிது. விருந்தாளி கிளம்பும்போது கேமரா மேசையிலேயே தங்கிவிடும். கேட்டு வாங்க வேண்டிய தேவையே இல்லை. ஆனால் அங்கே ஒருவருக்கு ஒரு மேசை என்று மாலை முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். நம் பந்தியில் அரை மணிக்கு ஒருமுறை இலையும் மாறும், ஆளும் மாறும்.

மொய் மேசை

இப்போது மொய் மேசையைப் பாருங்கள். கிளம்புகிறவர் கண்ணில் படாமல் போக முடியாத இடத்தில் இருக்கும். பணம் வாங்க ஒருவர், எழுத ஒருவர். முதல் கேள்வி "எந்த ஊருங்க?" அப்புறம் பேர், அப்புறம் தொகை. எழுத்துத் தெரியாதவரும் தடுமாறாமல் கொடுத்துவிட்டுப் போகலாம், ஏனென்றால் எழுதுகிற பொறுப்பு வாங்குகிறவருடையது. கொடுத்த அந்த நிமிஷத்திலேயே பதிவாகிவிடும். முப்பது வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் யார், எந்த ஊர் என்று தெரியும்.

படம் சேர்க்கும் கருவிகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. உழைப்பு முழுக்கக் கொடுப்பவர் தலையில். விவரம் எதுவும் கேட்பதில்லை. ஆயிரம் படம் வந்து விழும், பெயர் ஒன்றும் இருக்காது.

ஆவணக்காப்பு வேலை செய்கிறவர்களும் மொய் எழுதுபவர் மாதிரிதான் நடந்துகொள்கிறார்கள். அனுஷா யாதவ் 2010இல் தொடங்கிய 'இந்தியன் மெமரி ப்ராஜெக்ட்' கல்யாணப் படங்களைப் பற்றிய புத்தக யோசனையிலிருந்து வளர்ந்தது. அதில் வெறும் படத்துக்கு இடம் இல்லை, அந்தக் குடும்பம் சொல்லும் கதையும் கூடவே வர வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஜோயி ஹெட்லி முன்னின்று நடத்திய தமிழ் ஸ்டுடியோப் படத் திட்டத்துக்கு பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டம் உதவியது. மூலப்பொருள் அது இருக்கும் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அந்த உதவித்திட்டத்தின் விதி. பிரதி எடு, விவரம் எழுது, மூலத்தை அதன் ஊரிலேயே விடு. கல்யாண வீட்டுக்கும் இதே விதி போதும்.

ஆனால் மொய் நோட்டை ரொம்பப் புகழவும் முடியாது. அதில் இருப்பது பெரும்பாலும் குடும்பத் தலைவர் பேர். கூட வந்த பெண்கள் பேர் இருக்காது. சமைத்தவர், மேளம் வாசித்தவர், மங்கல வாழ்த்துப் பாடியவர் பேரும் இருக்காது. அதோடு மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். "நீ இருபது படம் கொடுத்தாய், நான் எத்தனை கொடுத்தேன்" என்று போனால் இந்த வேலையே கெட்டுவிடும். ஆகவே மேசையையும் கேள்வியையும் எடுத்துக்கொண்டு, கணக்கை விட்டுவிட வேண்டும்.

நான் சொல்லும் வழி

வாசல் பக்கம் தனி மேசை. போனில் கை தேர்ந்த இரண்டு பேர், அதில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும். பெண்கள் அவர்களிடம்தான் போனைக் காட்டுவார்கள். ஒரு லேப்டாப், ஒரு கேபிள், ஒரு நோட்டு. ஆண்ட்ராய்டு போனிலிருந்து குவிக் ஷேர், ஐபோனிலிருந்து கேபிள், இரண்டும் முடியாவிட்டால் ஒரே ஒரு எண்ணுக்கு டாக்குமெண்ட்டாக வாட்ஸ்அப். எந்தப் படம் என்பதைப் போனின் சொந்தக்காரரே பொறுக்கிக் கொடுக்க வேண்டும். கேலரியை நாம் திறக்கக் கூடாது. நோட்டில் பேர், ஊர், எத்தனை படம், வெளியே காட்டலாமா வேண்டாமா என்று நாலு கட்டம்.

க்யூஆர் அட்டையும் இருக்கட்டும், தப்பில்லை. கூட்டத்தில் மேசைக்கு வர முடியாதவர்களுக்கு அது உதவும்.

ஒரு வாரத்துக்குள் இரண்டு ஹார்டு டிஸ்கில் பிரதி, இரண்டு வேறு வீடுகளில். பிறகு வயதான ஒருவரை உட்கார வைத்து, படத்தைக் காட்டி, "இது யாருங்க?" என்று கேட்டுக் கேட்டு எழுத வேண்டும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. சொல்லத் தெரிந்தவர் எப்போதும் இருக்க மாட்டார். சமையல்காரர் பேரையும் எழுதுங்கள். கடைசியாக, படம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் அவரோ அவர் வீட்டாரோ இருக்கும் ஒரு படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலுக்கு எதுவும் எதிர்பார்க்க வேண்டாம்.

செலவு என்று பார்த்தால் கேபிள், நோட்டு, கொஞ்சம் பிரிண்ட். மொய் எழுத ஆள் பிடிப்பது மாதிரி இதற்கும் ஆள் பிடிக்க வேண்டும். அழைப்பிதழ் கொடுக்கப் போகும்போதே சொந்தத்தில் யாரையாவது சொல்லி வைத்துவிடுவது நல்லது. முகூர்த்தத்தன்று காலையில் தேடினால் எல்லோரும் பந்தியில்தான் இருப்பார்கள்.