சாதகம்: மணிக்கணக்கு ஓர் அளவுகோலா?

தாளக் கருவி பயில்வோர் நாள்தோறும் செய்யும் பயிற்சியைச் சாதகம் என்பர். மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங் எதுவாயினும் சாதகம் இல்லாமல் வளர்ச்சி இல்லை என்பதில் கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் சாதகத்தை எதைக் கொண்டு அளப்பது என்று கேட்டால் பெற்றோரும், மாணவரும், ஏன் பல ஆசிரியர்களும்கூட, மணிக்கணக்கையே சொல்கின்றனர். "என் பையன் தினமும் மூன்று மணி நேரம் வாசிக்கிறான்" என்பது பெருமைக்குரிய செய்தி. அந்த மூன்று மணி நேரத்தில் அவன் என்ன செய்கிறான் என்பதை யாரும் விசாரிப்பதில்லை.

பத்தாயிரம் மணி நேரம்

1993-இல் ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் அவருடைய துணை ஆய்வாளர்களும் பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். சிறந்த மாணவர்கள் இருபது வயதை எட்டுவதற்குள் தனிமையில் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரமளவு பயின்றிருந்தனர் என்பது அதில் ஒரு மதிப்பீடு. 2008-இல் மால்கம் கிளாட்வெல் தம் நூலில் அதை ஒரு விதி போல எழுதவே, அந்த எண் உலகெங்கும் பரவிவிட்டது. எரிக்சன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. குறை எது என்று கண்டு, அதையே குறிவைத்து, கவனம் சிதறாமல் செய்யும் பயிற்சியைத்தான் அவர் வலியுறுத்தினார். அந்தச் சிறந்த மாணவர்கள் இடையிடையே ஓய்வெடுத்ததும் மற்றவர்களைவிட அதிகம் தூங்கியதும்கூட அதே ஆய்வில்தான் உள்ளன. தூக்கத்தைப் பற்றி மேற்கோள் காட்டுவார் எவருமில்லை! 2014-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இசைத்திறனில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 21 விழுக்காட்டை மட்டுமே இத்தகைய பயிற்சியின் அளவு விளக்கியது. இது சிறிய பங்கு அல்ல. ஆயினும் முழுமைக்கு வெகு தூரம்.

மனப்பாடக் கோர்வை

திரும்பத் திரும்ப வாசிப்பது வீண் என்று இங்கே சொல்லவில்லை. மிருதங்கத்தின் முதல் பாடமான 'தா தீ தொம் நம்' மூன்று காலத்திலும் ஆயிரக்கணக்கான முறை கையில் ஓடியாக வேண்டும். 'நம்' என்ற சொல்லுக்கு மோதிர விரல் கரணையின் ஓரத்தில் இலேசாகத் தங்கியிருக்க, ஆள்காட்டி விரல் விளிம்பில் விழ வேண்டும். மோதிர விரல் சற்று அழுந்தினாலும் நாதம் அடைத்துப்போகும். இதை விளக்கிப் புரியவைக்க முடியாது. காதைத் தீட்டிக்கொண்டு வாசித்து வாசித்துத்தான் பெற வேண்டும்.

குறை அடுத்த கட்டத்தில்தான் தொடங்குகிறது. தீர்மானங்களையும் கோர்வைகளையும் நோட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். மாணவர் உருப்போட்டு ஒப்பிக்கிறார். தேர்வுக்கு உரைநூலை மனப்பாடம் செய்த பிள்ளைகளைப் பல ஆண்டுகள் வகுப்பில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வினாவை ஒரு சொல் மாற்றிக் கேட்டால் அவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். தாள வகுப்பிலும் அதுவேதான்.

ஓர் எளிய எடுத்துக்காட்டு. 'ததிகிணதொம்' ஐந்து மாத்திரை. இதை மூன்று முறை வாசித்து, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை விட்டால் 15+4=19. ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் சதுசிர நடையில் 32 மாத்திரை. எனவே 13 மாத்திரை கழிந்தபின் எடுத்தால் சரியாகச் சமத்திற்கு வந்து சேரும். பெரும்பாலான வகுப்புகளில் "இங்கே எடு" என்று இடத்தைக் காட்டிவிடுவதோடு பாடம் முடிகிறது. அப்படிச் செய்யாமல், கார்வையை மூன்றாக்கினால் எங்கே எடுப்பாய் என்று கேட்க வேண்டும். இப்போது மொத்தம் 21, ஆகவே 11 மாத்திரை கழித்து. ரூபகத்தில் ஓர் ஆவர்த்தனம் 12 மாத்திரைதானே, 19 எப்படி அடங்கும்? இரண்டு ஆவர்த்தனத்தில் 24. ஐந்து விட்டு ஆறாவதில் எடுப்பு. ஐந்தெழுத்துச் சொல்லுக்குப் பதில் ஏழெழுத்து வந்தால்? இந்தக் கேள்விகளைக் கையால் தாளம் போட்டு, வாயால் சொல்லிக் கண்டுபிடிக்கும் மாணவருக்கு ஒரு பாடம் பத்துப் பாடமாகிறது. சொந்தக் கற்பனை என்று நாம் வியப்பது பெரும்பாலும் இங்கிருந்துதான் முளைக்கிறது. நாலாண்டு கற்றும் பிறர் எழுதித் தந்ததையே வாசிப்பவர், நோட்டுத் தீர்ந்ததும் நின்றுவிடுகிறார். பலர் கருவியையே விட்டுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

ஒரு மாணவர் செய்த மாற்றம்

அமெரிக்க டிரம் ஆசிரியர் ஜார்ஜ் லாரன்ஸ் ஸ்டோன் 1935-இல் வெளியிட்ட 'ஸ்டிக் கன்ட்ரோல்' முழுக்க முழுக்கக் கைப்பயிற்சி நூல். ஒவ்வொரு பயிற்சியையும் இருபது முறை வாசிக்கச் சொல்கிறது. இதைவிட வறட்டுத்தனமான சாதகம் இருக்க முடியாது என்று தோன்றும். அவரிடம் பயின்ற ஜோ மொரெல்லோ அதே பயிற்சிகளில் தாமாகவே அங்கங்கே அழுத்தம் சேர்த்து வாசித்தார். கைவரிசை பழையது, ஓசை புதியது. ஸ்டோன் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த எண்ணத்தை வளர்த்து 1961-இல் அடுத்த நூலை எழுதி, மாணவருக்கே காணிக்கையாக்கினார். டேவ் புரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்' பதிவில் ஐந்து எண்ணிக்கையில் டிரம் வாசித்தவர் இந்த மொரெல்லோதான்.

நம் மாணவரும் 'தகதிமி'யை ஓட்டும்போது ஐந்தாவது எழுத்துக்கு ஒருமுறை அழுத்தம் கொடுத்துப் பார்க்கலாம். நான்குக்குள் ஐந்து நடப்பது காதில் விழும். அதைப் பார்த்து, "சொன்னதை மட்டும் வாசி" என்று அதட்டாத ஆசிரியர் அமைய வேண்டும், அதுதான் அரிது.

கேட்பதும் சாதகமே

தனி ஆவர்த்தனம் கச்சேரியில் ஒரு சிறு பகுதி. மற்ற நேரமெல்லாம் மிருதங்கம் பாட்டுக்குத் துணை. பாலக்காடு மணி ஐயரின் (1912–1981) பழைய பதிவுகளைக் கேட்டால், பல்லவி வரி எங்கே நிற்கும், சங்கதி எங்கே மாறும் என்று அறிந்தே கை நகர்வது தெரியும். சில இடங்களில் வாசிக்காமல் விட்டதே அழகாக இருக்கும். பாடல்களைக் கேளாமலும், சிலவற்றைப் பாடவாவது தெரியாமலும் இது வராது. ஆனால் கேட்கும் நேரத்தை எந்த மாணவரும் சாதகக் கணக்கில் எழுதுவதில்லை. பெற்றோருக்கு அது சும்மா உட்கார்ந்திருப்பதாகவே படுகிறது.

இன்று கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யச் செலவு எதுவும் இல்லை. ஒரு மணி நேரம் கிடைத்தால் நாற்பது நிமிடம் வாசித்து, பத்து நிமிடம் அதைப் போட்டுக் கேட்டு, எந்த இடத்தில் காலப்பிரமாணம் ஓடியது என்று குறித்துக்கொண்டு, மீதிப் பத்து நிமிடத்தை அந்த ஓரிடத்திற்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது இரண்டாம் காலத்திலிருந்து மூன்றாம் காலத்திற்கு மாறும் இடமாகவே இருக்கும்.